நாட்டு நாய் தாங்கும்

1. மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தன. ஒன்றுக்குத் தூய இனம் என்று சொல்லும் பேப்பர் இருந்தது, மற்றதற்கு இல்லை.

2. பேப்பர் உள்ள நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தம் வற்றிப்போனது.

3. அதற்கு ரத்தம் கொடுப்பதற்காக, பேப்பர் இல்லாத நாயை அழைத்து வந்தார்கள்.

4. நான் எடுக்க மறுத்தேன்.

5. பேப்பர் உள்ள நாய் இறந்தது.

6. எடுத்திருந்தால் அது பிழைத்திருக்குமா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தது போலப் பேசியவர்கள் இருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். மிச்சத்தை, கேம்ப் ரோடு கிளினிக்கில் என் நாற்காலிக்கு வரப்போகும் புது டாக்டர்கள் உங்கள் இருவருக்காக எழுதுகிறேன். எனக்கு ஓய்வு பெறும் வயதாகவில்லை. ஆனால் நாய் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது கோழித்தீவனம் பரிசோதிக்கும் கூடத்தில் இருக்கிறேன். மூட்டையாக வரும் சோளத்துக்கு யாரும் பேப்பர் கேட்பதில்லை. பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. அது எனக்கு ஒத்துக்கொள்கிறது.

ஊசி போடவும் தையல் போடவும் கல்லூரியில் கற்றுக்கொண்டிருப்பீர்கள். அதை நான் எழுதப்போவதில்லை. அந்த மேசையைச் சுற்றி நிற்கிற மனிதர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் சுந்தரம் சார். வங்கி அதிகாரி. கோயிலுக்குப் பின்பக்கம் மனை பிரித்து விற்ற காலத்தில் ஒன்று வாங்கி வீடு கட்டினார். கட்டி முடியும்வரை சிமெண்ட் மூட்டைக்குக் காவல் இருந்த வாட்ச்மேன் குடும்பம் ஒரு நாய்க்குட்டியை வளர்த்தது. நம் பக்கத்தில் எழும்புகிற எல்லா வீட்டிலும் இது நடக்கும். வீடு முடிந்ததும் வாட்ச்மேன் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார். நாய் நின்றுவிடும். அது காத்ததெல்லாம் மணலையும் கம்பியையும்தான். ஆனால் வீட்டையே காத்ததாக அது நினைத்துக்கொள்ளும். மணி அப்படி நின்றுவிட்ட நாய். செம்பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். சுந்தரம் சாரின் மனைவி மல்லிகா மேடம் கேட்டுக்கு வெளியே ஒரு அலுமினியத் தட்டு வைத்து மீந்த சோற்றைப் போட்டார். கேட்டைத் தாண்டி உள்ளே வர மட்டும் மணிக்கு அனுமதி இல்லை.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பூட்டு உடைந்தது. அந்த வாரமே கணவனும் மனைவியும் கிளினிக்குக்கு வந்தார்கள். கையில் நாய் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் வரி விளம்பரம் இருந்தது. ஊரப்பாக்கத்தில் ஒருவரிடம் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகள், தாய் தகப்பன் இரண்டுக்கும் பேப்பர். வாங்கலாமா, இல்லை மணியையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். உண்மையில் கேட்டது மல்லிகா மேடம். சுந்தரம் சார் சுவரில் இருந்த நாய் இனங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி கேட்டால் வரிசை போட்டுப் பதில் சொல்வது என் பழக்கம். அன்றும் போட்டேன். மணிக்கு அந்தத் தெருவில் யார் எவர் என்று தெரியும். வெயில் அதற்குப் பழக்கம். அதற்கு இப்போது தேவை மூன்று: தடுப்பூசி, உண்ணி மருந்து, கேட்டுக்கு உள்ளே ஓர் இடம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அடர்ந்த முடி. சித்திரை வெயிலில் அதற்கு மின்விசிறி போதாது. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பகலெல்லாம் தனியாக இருந்தால் கெட்டுப்போகும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் அந்த இனம் மற்ற நாய்களைவிட மோசமாக விழும்.

சுந்தரம் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "லிஸ்ட் நல்லா இருக்கு டாக்டர். ஆனா வீட்டுக்கு வர்றவங்க என்ன நாய் வச்சிருக்கீங்கன்னு கேட்டா, மணின்னா சொல்றது?"

"நாய் இருக்குன்னு சொல்லலாமே சார்."

"அது நாய் வச்சிருக்கறது இல்ல டாக்டர். அது சும்மா இருக்கு."

எங்கள் உதவியாளர் ஏழுமலை அண்ணன் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்த வாக்கியம் பிறகு எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தோன்றவில்லை.

உங்களிடமும் இந்தக் கேள்வியோடு நிறையப் பேர் வருவார்கள். பேப்பர் உள்ளதா, இல்லாததா? நல்ல நாய் எது என்று அவர்கள் கேட்பதாக நினைத்துப் பதில் சொல்லாதீர்கள். முக்கால்வாசிப் பேர் வீட்டிலேயே தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். உங்களிடம் எதிர்பார்ப்பது ஆமாம் போடுவதை. கிளினிக்கை நடத்தும் நம் பெரிய டாக்டர் அதைச் சரியாகச் செய்தார். உள்ளறையிலிருந்து வெளியே வந்து, விளம்பரத்தைப் பார்த்து, "நல்ல லைன் சார், சுத்தமான வம்சம், கண்ண மூடிட்டு வாங்குங்க" என்றார். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

குட்டிக்கு சீசர் என்று பெயர் வைத்தார்கள். அழகான நாய். அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மேசையில் ஏற்றினால் என் முழங்கையில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். பேப்பர் அதற்கு எதற்கு என்று அதற்கும் தெரியாது. ஹாலில், மின்விசிறிக்குக் கீழே, பளிங்குத் தரையில் வளர்ந்தது. தெருவில் யார் வந்தாலும் முதலில் குரைத்தது மணி. அதைக் கேட்டுத்தான் சீசர் குரைத்தது. "சீசர் வூட்டுக்குக் காவலு, மணி சீசருக்குக் காவலு. நல்ல குடும்பம்பா" என்பார் ஏழுமலை அண்ணன்.

இரண்டும் மாலையில் கேட்டுக் கம்பிக்கு இரு பக்கமும் மூக்கோடு மூக்கு வைத்துப் படுத்திருக்கும் என்று மல்லிகா மேடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் உண்ணி மருந்தை இரண்டு நாய்க்கும் சேர்த்து வாங்கச் சொன்னேன். சுந்தரம் சார் சீசருக்கு மட்டும் வாங்குவார். "மணிக்கு எதுக்கு டாக்டர்? நாட்டு நாய், தாங்கும்." மருந்து கேட்டின் உள்பக்கத்தோடு நின்றுவிட்டது. உண்ணிக்குக் கேட் தெரியாது.

நாட்டு நாய் தாங்கும். இந்தச் சொல்லை நீங்கள் வாசலில் கேட்பீர்கள், மேசையில் கேட்பீர்கள், உள்ளறையிலும் கேட்பீர்கள். தடுப்பூசி இல்லையா, தாங்கும். மயக்க மருந்து குறைவா, தாங்கும். வரிசையில் முன்னால் வந்தும் லாப்ரடாருக்குப் பின்னால் காத்திருக்க வேண்டுமா, தாங்கும். கேஸ் அட்டையில் இனம் எழுதும் இடத்தில் 'என்.டி.' என்று எழுதச் சொல்வார்கள். இன்ன இனம் என்று சொல்ல முடியாதது என்பதன் சுருக்கம். சொல்ல முடியாததால் அதற்கு என்ன வேண்டுமென்றாலும் செய்யலாம் என்று நம் தொழிலில் யாரும் எழுதி வைக்கவில்லை. செய்து வைத்திருக்கிறார்கள்.

அப்படிச் செய்து வைத்த வழக்கங்களில் ஒன்று, ரத்தம். நமக்கு ரத்த வங்கி கிடையாது. ஒரு நாய்க்கு ரத்தம் தேவைப்பட்டால், தெரிந்த இடத்தில் திடமான நாட்டு நாய் இருந்தால் கூட்டி வாருங்கள் என்று உரிமையாளரிடம் சொல்வோம். கிளினிக்கில் அவசரத்துக்குக் கூப்பிடக்கூடிய வீடுகள் சில உண்டு. எல்லாமே நாட்டு நாய் வீடுகள். நான் இருந்தவரை, பேப்பர் உள்ள நாய் ஒன்று இன்னொரு நாய்க்கு ரத்தம் கொடுத்து நான் பார்த்ததில்லை. ரத்தம் கேட்கும் நாய் மேலே, கொடுக்கும் நாய் கீழே என்பது அங்கே ஈர்ப்பு விசை மாதிரி. யாரும் அதை யோசிப்பதில்லை.

அன்று காலை சீசரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். மூக்கிலிருந்து ரத்தம் கசிந்து முன்னங்காலில் காய்ந்திருந்தது. ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். வெயில் என்று நினைத்தார்களாம். மருந்து ஆரம்பித்தேன், ஆனால் மருந்து வேலை செய்யும்வரை உயிரைப் பிடித்துவைக்க ரத்தம் வேண்டும். வழக்கப்படி சொன்னேன். சுந்தரம் சாருக்கு நிம்மதி முகத்திலேயே தெரிந்தது. "மணி இருக்கே" என்றார். மல்லிகா மேடத்தை ஆட்டோவில் அனுப்பினார்.

மணிக்குக் கழுத்துப் பட்டை கிடையாது. கொடிக்கயிற்றைக் கழுத்தில் சுற்றி அழைத்து வந்தார். ஆட்டோவில் ஏற மறுத்ததாகவும், பால் பிஸ்கட் காட்டி ஏற்றியதாகவும் சொன்னார். மணி அதற்கு முன்பு எந்த வண்டியிலும் ஏறியதில்லை. உள்ளே வந்ததும் எடை பார்க்கும் மேடையை முகர்ந்துவிட்டு, மேசையில் கிடந்த சீசரைப் பார்த்து வாலை ஆட்டியது. கேட்டுக் கம்பி இல்லாமல் அவை இரண்டும் ஒரே இடத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை.

நான் சீசருக்கு ஊசி ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் ஏழுமலை அண்ணன் மணியின் கழுத்தில் பாதி மயிரை மழித்துவிட்டார். சொறிந்து விடுகிறார் என்று நினைத்து மணி கழுத்தை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நான் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன்.

ரத்தம் கொடுக்க வரும் நாயின் உதட்டை அந்தக் கிளினிக்கில் யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை. நின்றால் போதும், எடுத்துவிடுவோம். மணி நின்றது. ஆனால் அதன் ஈறும் வெளுத்திருந்தது. சீசர் அளவுக்கு இல்லை. பாதி வழியில் இருந்தது. காதுக்குப் பின்னால் விரலை விட்டால் உண்ணிகள் கொத்தாக இருந்தன. காதிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சீசருக்கு இருந்த அதே கிருமி. மணிக்கும் காய்ச்சல் இருந்தது. அதை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நாயிடம் எடுக்க முடியாது என்று சொன்னேன். ஏழுமலை அண்ணன் சவரக் கத்தியோடு நின்றார். "இன்னா டாக்டரம்மா, நல்லாத்தானே நின்னுகினு கீது? பாதி பை எடுத்தா இன்னா ஆவப் போவுது? நாட்டு நாயி, தாங்கும்."

பெரிய டாக்டர் குரோம்பேட்டையில் ஒரு வளைகாப்பில் இருந்தார். செல்போனில் பிடித்து இரண்டு காரணம் சொன்னேன். ஒன்று, மணியிடமே ரத்தம் குறைவு. எடுத்தால் அது விழும். இரண்டு, அந்த ரத்தத்தில் அதே கிருமி இருக்கிறது.

"ஏம்மா, சீசருக்குத்தான் ஏற்கெனவே அந்தக் கிருமி இருக்கே. இன்னொரு தடவ போனா என்ன? அதுக்கு இப்ப வேண்டியது ரத்தம். எடு, நான் வந்துர்றேன்."

அவர் சொன்னது தவறில்லை. உங்களுக்கும் தெரியும். என் இரண்டாவது காரணம் அந்த இடத்திலேயே உதிர்ந்துவிட்டது. மிச்சம் ஒரு காரணம்தான் இருந்தது: மணி செத்துப்போகலாம். அது ஒரு காரணமா என்பதுதான் அந்த அறையில் இருந்த கேள்வி.

"மணிக்கே ரத்தம் இல்ல சார்" என்றேன்.

"கிளையண்ட் யாருன்னு பாரும்மா" என்றார். பின்னால் வளையல் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

சுந்தரம் சார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரிடம் நேராகச் சொன்னேன்: மணியும் நோயாளி. எடுத்தால் இரண்டையும் இழக்க நேரலாம். அவசரத்துக்கு நாங்கள் கூப்பிடும் அக்கா ஒருவர் ஊரப்பாக்கத்தில் இருக்கிறார், அவர் நாயைக் கொண்டுவரச் சொல்கிறேன், அதற்குள் வேறு யாரிடமாவது கேட்போம்.

"டாக்டர், ரெண்டும் என் நாய். எதைக் காப்பாத்தணும்னு நான் சொல்றேன். நீங்க எடுங்க. மணிக்கு என்ன ஆனாலும் நான் கேக்க மாட்டேன்."

மணி தன் நாய் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊரப்பாக்கம் அக்காவுக்குப் பேசினேன். மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், "டைகரக் கூட்டிட்டு இப்பவே வரேன் டாக்டர்" என்றார். ஆனால் ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த நேரத்து நெரிசல் உங்களுக்குத் தெரியும். நாயை ஏற்ற ஆட்டோவும் கிடைக்க வேண்டும்.

அப்போது காத்திருக்கும் பெஞ்சில் ஒரு லாப்ரடார் உட்கார்ந்திருந்தது. நகம் வெட்ட வந்த நாய். இளம் வயது, நல்ல எடை, ஈறு இளஞ்சிவப்பு. அதன் உடம்பில் தேடினாலும் ஓர் உண்ணி கிடைக்காது. உரிமையாளர் சேலையூர்க்காரர் ஒருவர், எங்களுக்கு வழக்கமாக வருபவர். நடந்ததெல்லாம் அவருக்குக் கேட்டிருந்தது. அவரிடம் போய்க் கேட்டேன். ஒரு பை எடுப்பதால் அவர் நாய்க்கு ஒன்றும் ஆகாது, சில நாளில் ஊறிவிடும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அவர் நாயின் தலையில் கை வைத்தார். "அடுத்த வாரம் ஜோடி சேக்குறோம் மேடம். பொண்ணு வீட்டுக்காரங்க பெங்களூர்லேருந்து வர்றாங்க. இந்த நேரத்துல இதெல்லாம்..." என்று இழுத்தார். பிறகு, தனக்கு வேறொரு யோசனை தோன்றிய முகத்தோடு, "நாட்டு நாய் எதுனா பாருங்களேன்" என்றார்.

நான் மறுபடியும் கேட்க வாயெடுத்தேன். தடுத்தது சுந்தரம் சார்.

"விடுங்க டாக்டர், அவரக் கம்பெல் பண்ணாதீங்க. நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

இதை நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். மேசையில் கிடப்பது அவருடைய நாய். அதைப் பிழைக்க வைக்கும் ரத்தம் பெஞ்சில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறது. அவர் கேட்கவில்லை. கேட்பது முறையில்லை என்று அவருக்குத் தோன்றியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, புரிந்துகொண்ட மாதிரி தலையசைத்துக்கொண்டார்கள். பேப்பர் உள்ளவர்களுக்குள் இருக்கும் மரியாதை அது. லாப்ரடாருக்கு அன்று நகம் வெட்டவில்லை. அவர் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு மறுபடியும் எல்லாருடைய பார்வையும் கொடிக்கயிற்றின் முனைக்கு வந்தது. மணி பெஞ்சின் காலடியில், தரையின் குளிர்ச்சிக்கு வயிற்றைக் கொடுத்துப் படுத்திருந்தது.

மல்லிகா மேடம் சீசரின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "கொஞ்சூண்டு எடுத்தாக்கூடவா டாக்டர்?"

"அந்தக் கொஞ்சம் சீசருக்குப் பத்தாது மேடம். மணிக்கு அது ரொம்ப."

சுந்தரம் சார், அப்படியென்றால் ஏழுமலை எடுக்கட்டும் என்றார். ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். ரத்தப் பை என் கையில் இருந்தது. அதை அலமாரியில் வைத்து மூடிவிட்டு அதன் முன்னால் நின்றேன். கத்தவில்லை. பிறகு பலர், எப்படி அவ்வளவு அமைதியாக நின்றாய், கல்நெஞ்சா என்று கேட்டார்கள். அமைதியாக நிற்பதற்குச் சம்பளம் வாங்கினேன். அழுதிருந்தால் அவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கும்.

மதியத்துக்கு முன்பே சீசர் போய்விட்டது. முழங்கையில் முகம் வைக்கும் அதே மாதிரி, என் கையில் முகத்தை வைத்துக்கொண்டு.

ஊரப்பாக்கம் அக்கா டைகரோடு படியேறியபோது சுந்தரம் சார் வெளியே நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். அக்கா மேசையைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். டைகருக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். அந்தக் காலைப்பொழுதில் தன் நாயைத் தருகிறேன் என்று சொன்னது அவர் ஒருவர்தான். டைகரும் என்.டி.

பெரிய டாக்டர் பட்டு வேட்டியோடு வந்தார். நேராக நுண்ணோக்கிக்குப் போய் மணியின் ரத்தத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் என்னைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பாதி, அவர் பக்கத்தில் நின்று தெரிந்துகொண்டது. தலையைத் தூக்கினார். வெளியே போய் சுந்தரம் சாரின் தோளில் கை வைத்து, "நான் இருந்திருந்தா இது நடந்திருக்காது சார். சின்னப் பொண்ணு, பயந்துட்டா" என்றார். கதவு திறந்துதான் இருந்தது.

பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நீ செஞ்சது சரிதாம்மா. ஆனா அத அவர்கிட்டச் சொல்ல முடியுமா?"

"சொல்லலாம் சார்."

"சொல்லிட்டு?"

எனக்குப் பதில் இருந்தது. கேட்கும் ஆள்தான் அங்கே இல்லை.

சுந்தரம் சார் சீசரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போகும்போது என் முன்னால் நின்றார். "ஒரு தெரு நாய்க்காக என் நாயக் கொன்னுட்டீங்க" என்றார். சத்தம் போடவில்லை. மணிக்கு இப்போது மருந்து ஆரம்பித்தால் பிழைத்துவிடும், அதையும் விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னேன்.

"அது எங்க நாய் இல்ல" என்றார்.

அன்று ஒரே காலையில் அவர் வாயிலிருந்து இரண்டையும் கேட்டேன். ரத்தம் தேவைப்பட்டபோது அவருடைய நாய். மருந்து தேவைப்பட்டபோது இல்லை.

மல்லிகா மேடம் கொடிக்கயிற்றை அவிழ்க்க மறந்து காரில் ஏறிவிட்டார். மணி கார் போன பக்கம் இழுத்தது. முதல் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான்தான் கயிற்றை அவிழ்த்தேன். எங்கள் வாசலிலேயே இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மாடம்பாக்கம் போனால், அதே கேட்டுக்கு வெளியே, அதே தட்டுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. ஆட்டோவில் வந்த வழியைக் காய்ச்சலோடு நடந்தே கண்டுபிடித்திருந்தது.

மாத்திரை முடியும்வரை தினமும் வேலை முடிந்து ஸ்கூட்டரில் போனேன். பால் பிஸ்கட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். காதுக்குப் பின்னால் மருந்து விட்டேன். ஒரு நாள் மல்லிகா மேடம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கீழே வருவார் என்று நின்றேன். கொடியிலிருந்த துணி முழுவதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் தட்டில் சோறோடு தயிரும் இருந்தது. மருந்தைக் கலந்து கொடுக்க வசதியாக என்று எடுத்துக்கொண்டேன். வேறு காரணமும் இருக்கலாம்.

சில மாதம் கழித்து அவர்கள் புதுக் குட்டியோடு வந்தார்கள். அதே ஊரப்பாக்கம், அதே லைன், அதே பெரிய டாக்டரின் வாழ்த்து. பெயர்கூட மாற்றவில்லை, இதுவும் சீசர்தான். அந்த லேடி டாக்டர் தொட வேண்டாம் என்று முன்பே போனில் சொல்லியிருந்தார்கள். பெரிய டாக்டர் என்னை உள்ளறையில் ஏதாவது வேலை பார்க்கச் சொன்னார். உள்ளறையில் பார்க்க ஒரு வேலையும் இல்லை. உட்கார்ந்து, குட்டியின் சிணுங்கலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று மாலை ராஜினாமாவைக் கொடுத்தேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நாள் இருந்து, வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போ என்று மட்டும் கேட்டார். நீங்கள் வருவதற்குத் தாமதமானதால், இதோ எழுத்தில் கொடுக்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

ரத்தம் கொடுக்க வரும் நாயின் உதட்டை, மழிப்பதற்கு முன்பே தூக்கிப் பாருங்கள். மழித்த பிறகு மறுத்தால், முடிந்த காரியத்தைக் கெடுத்ததாக ஆகிவிடும்.

உண்ணி மருந்தை ஒரு வீட்டுக்கு என்று கொடுங்கள், ஒரு நாய்க்கு என்று கொடுக்காதீர்கள். அன்றைக்கு அந்த அறையில் நடந்த எதுவும் சீசரைக் கொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கேட்டுக்கு வெளியே மணிக்குப் போடாமல் விட்ட மருந்துதான் கொன்றது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்காது.

சரியாகச் செய்தால் மனம் நிறையும் என்று கல்லூரியில் யாராவது சொல்லியிருந்தால், அதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். சரியாகச் செய்ததற்கு மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

இப்போதைய நிலைமை.

கேட்டுக்கு உள்ளே இரண்டாவது சீசர் வளர்கிறது. அதற்கு உண்ணி மருந்து வாங்குகிறார்கள். அதற்கு மட்டும்.

கேட்டுக்கு வெளியே மணி இருக்கிறது. போன வாரம் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. கழுத்தில் மழித்த இடத்தில் மயிர் மூடிவிட்டது. உதட்டைத் தூக்கினேன், ஈறு நல்ல சிவப்பு.

இப்போது அதனிடம் ரத்தம் எடுக்கலாம்.